மின்சாரம் தாக்கிப் பிழைத்தவரை என்னவென்று எழுதுவது?

தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், கலைச்சொல் தொகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

“இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு கேட்டார். அவர் கையில் என்னுடைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அதில் என்ன நேர்ந்தது என்று எழுதும் இடத்தில் ‘எலக்ட்ரோக்யூஷன்’ என்று ஒரே ஒரு சொல். மின்சாரம் தாக்கி இறப்பதையே பெரும்பாலும் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. விபத்துக்கான விடுப்பு கேட்டு நான் போயிருந்தேன். “அது நான்தான்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்தார். விபத்தின் வகை என்று ஏழெட்டுக் கட்டங்கள் அதில் இருந்தன. தீ, சாலை விபத்து, தவறி விழுதல், பாம்புக்கடி என்று போன வரிசையில் ‘மின்சாரம் தாக்கி மரணம்’ என்று ஒன்று. மின்சாரம் தாக்கி உயிரோடு வந்து நிற்பவருக்கு எந்தக் கட்டமும் இல்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தவர், கடைசியில் ‘மற்றவை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அந்தப் படிவத்தில் ஆங்கிலமும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. யாரோ ஒருவர் அதைத் தமிழாக்கியிருக்கிறார். பாம்புக்கடிக்குப் பக்கத்தில் அவர் மரணம் என்று எழுதவில்லை. தீக்குப் பக்கத்திலும் எழுதவில்லை. மின்சாரத்துக்கு மட்டும் மரணத்தைச் சேர்த்தே எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆங்கிலச் சொல் அப்படி, அகராதி அப்படி, தினம் படிக்கும் செய்தியும் அப்படி. அதனால்தான் அவருக்குத் தனியாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘எலக்ட்ரிசிட்டி’யையும் ‘எக்ஸிக்யூட்’டையும் ஒட்டிச் செய்தது அது. எக்ஸிக்யூட் என்றால் இங்கே மரண தண்டனையை நிறைவேற்றுவது. 1889-ஆம் ஆண்டு முதல் மின்சாரத்தால் தண்டனை நிறைவேற்றலாம் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில்தான் இந்தச் சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. ஆக, பிறக்கும்போதே அது தூக்குமேடைச் சொல். தூக்கிலிட்டார்கள் என்றால் எப்படி உயிர் போனது என்பது அதற்குள்ளேயே இருக்கிறதோ, அப்படி. பிறகுதான் தண்டனையை விட்டு வெளியே வந்து, தவறுதலாக மின்சாரம் பட்டு இறந்தவர்களுக்கும் ஆனது. இப்போது சில ஆங்கில அகராதிகள் ‘காயப்படுத்துவது அல்லது கொல்வது’ என்று இரண்டையும் சேர்த்தே பொருள் தருகின்றன. ஆங்கிலம் பேசுகிறவர்களே இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். உயிரோடு இருப்பவர் தன்னைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று ஒரு கட்சி. எல்லோரும் சொல்கிறார்கள், அப்புறம் என்ன என்று இன்னொரு கட்சி.

அந்தத் தண்டனை முதன்முதலில் நிறைவேறியது 1890 ஆகஸ்ட் 6 அன்று, நியூயார்க்கின் ஆபர்ன் சிறையில், மின்சார நாற்காலியில், வில்லியம் கெம்லர் என்பவருக்கு. கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர். 17 நொடிகள் மின்சாரம் செலுத்தி, இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். பிறகு பார்த்தால் மூச்சு இருந்தது. மறுபடியும் செலுத்தினார்கள். இந்தச் சொல் யாருக்காக உருவானதோ அந்த முதல் மனிதரே முதல் தடவை சாகவில்லை. கொல்வதற்கென்றே கட்டிய நாற்காலியில் கூட மின்சாரமும் மரணமும் ஒன்றாக இருக்கவில்லை என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்கும்.

இப்படிப்பட்ட சொல்லை நம் மொழிக்குக் கொண்டுவரும்போது, அதன் தூக்குமேடையையும் சேர்த்துத் தூக்கிவர வேண்டிய கட்டாயம் நமக்கு என்ன இருக்கிறது? நம்மிடம் சொல் இல்லாமல் இல்லையே.

வீட்டில் என்ன சொல்கிறோம்? ‘கரண்ட் அடிச்சிருச்சு.’ ‘ஷாக் அடிக்குது, தொடாதே.’ இதில் சாவு எங்கே இருக்கிறது? ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டபோது சுருக்கென்று பட்டதும் அடித்ததுதான். ஆளைத் தூக்கி வீசியதும் அடித்ததுதான். எவ்வளவு அடித்தது, என்ன ஆனது என்பதைப் பிறகு தனியாகச் சொல்கிறோம். ‘பிடிச்சுக்கிச்சு’ என்றும் சொல்வார்கள். இதை வெறும் பேச்சு வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவர்கள் எழுதுவதும் இதையேதான். உடம்பில் ஓடும் மின்சாரம் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரைத் (மின்னோட்டத்தை அளக்கும் சிறிய அலகு) தாண்டும்போது முன்கைத் தசைகள் விடாமல் சுருங்க ஆரம்பிக்கின்றன. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை என்பதால் கை மூடிக்கொள்கிறது. தொட்ட பொருளைத் தொட்டவரே இறுக்கிப் பிடிக்கிறார். பார்க்கிறவருக்கு மின்சாரம் ஆளைப் பிடித்துக்கொண்ட மாதிரி தெரிகிறது.

எனக்கு நடந்தது அதுதான். வலது கை துணி துவைக்கும் இயந்திரத்தின் தகட்டில் இருந்தது. இடது கையால் பக்கத்தில் இருந்த இரும்புக் குழாயைத் திறக்கப் போனேன். இயந்திரத்தின் எர்த் கம்பி எப்போதோ விட்டுப்போயிருந்தது, எங்களுக்குத் தெரியாது. குழாயைத் தொட்டதும் விரல்கள் தாமாக மடங்கி அதை இறுக்கின. விடு, விடு என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நெஞ்சுத் தசையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பார்வைக்கு முன்னால் குழாயின் திருகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கிறான். மூன்று நான்கு நொடி இருக்கும் என்பது அவன் கணக்கு.

எழுந்து உட்கார்ந்தபோது இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் புள்ளி இருந்தது. நடுவில் குழிந்து, ஓரம் தடித்து. வலிக்கவே இல்லை. அந்த இடத்தில் நரம்பும் சேர்ந்து வெந்துவிட்டதால்தான் வலி இல்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

இதைச் சொல்லும்போது, மின்சாரத்தை ஆராய்ந்த அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஞாபகம் வருகிறது. 1750 டிசம்பரில், இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தால் ஒரு வான்கோழியைக் கொன்று காட்டப் போய், தவறுதலாக அந்த மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார். நடந்ததைக் கடிதமாக எழுதியிருக்கிறார். பெரிய வெளிச்சமும் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தமும் வந்ததாகச் சுற்றி நின்றவர்கள் சொன்னார்களாம். அவர் எதையும் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. ஜாடிகளோடு இணைத்த சங்கிலியைப் பிடித்திருந்த கைப் பகுதி, இரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றியது போல வெளுத்துக் கிடந்தது. எட்டுப் பத்து நிமிடம் செத்த சதை போல இருந்தது. நெஞ்செலும்பில் அடிபட்ட மாதிரியான நோவு, கடிதம் எழுதும்போதும் இருந்தது. அந்த அனுபவத்தை என்னவென்று சொல்வது என்று தேடி, தலை முதல் கால் வரை உடம்பு முழுவதும் விழுந்த ஒரு ‘அடி’ என்றுதான் எழுதினார். நாம் வீட்டில் சொல்லும் அதே சொல். மின்சாரத்தில் செத்தவரைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல் பிறப்பதற்கு 139 ஆண்டுகள் முன்பே, பிழைத்த ஒருவர் தனக்கான சொல்லை எழுதிவைத்துவிட்டார்.

எழுத்துத் தமிழுக்கு வருவோம். ‘மின்சாரம் தாக்கி’, ‘மின்சாரம் பாய்ந்து’ என்ற இரண்டும் செய்திகளில் புழங்குகின்றன. இரண்டுமே நல்ல சொற்கள். பாய்ந்தது என்பது இன்னும் ஒரு படி துல்லியம் என்று சொல்வேன். ஏனென்றால் கேடு செய்வது உடம்பின் வழியே போகும் ஓட்டம்தான். எந்த வழியாகப் போனது, எவ்வளவு போனது, எவ்வளவு நேரம் போனது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம். ஒரு மில்லி ஆம்பியர் போனால் லேசாக உறுத்தும். 50, 100 என்று ஏறி அது இதயத்தைக் கடந்தால் இதயம் ஒழுங்கில்லாமல் துடிதுடித்து, இரத்தத்தைத் தள்ள முடியாமல் போகலாம். 230 வோல்ட்டில் எரியும் 40 வாட் குண்டு பல்பு எடுப்பது ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர். ஒரு சின்ன பல்பை எரிக்கும் மின்சாரம் ஒரு ஆளுக்கு அதிகம்.

சரி, சொல் நல்லதுதான் என்றால் சிக்கல் எங்கே? சிக்கல் அந்த ‘தாக்கி’க்கு அடுத்து வரும் சொல்லில்.

தாக்கி, பாய்ந்து என்பவை வினையெச்சங்கள். எச்சம் என்றாலே இன்னும் முடியாதது என்றுதான் பொருள். அதை முடித்துவைக்க ஒரு முற்று வேண்டும். மின்சாரம் தாக்கி விழுந்தார், மயங்கினார், கை கருகியது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், இறந்தார் என்று எத்தனையோ முற்றுகள் அதற்கு உண்டு. ஆனால் தலைப்புகளில் ‘பலி’ என்ற ஒரே சொல்லைத்தான் அதற்குப் பின்னால் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். (யாருக்கும் படைக்காத ஒரு உயிரைப் பலி என்று எழுதுவது எனக்கு என்றைக்குமே உறுத்தும். அது வேறு வழக்கு, இங்கே விடுகிறேன்.) இப்படிப் பல காலம் ஒட்டியே வந்ததால், இப்போது ‘மின்சாரம் தாக்கி’ என்று பாதி படித்ததும் வாசகர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறார். படிவத்தைத் தமிழாக்கியவரும் அப்படித்தான் நிரப்பியிருக்கிறார். எச்சம் தன் வேலையை மறந்து முற்றாகிவிட்டது.

பாம்புக்கடியைப் பாருங்கள். பாம்பு கடித்தும் எத்தனையோ பேர் இறக்கிறார்கள், அதுவும் தலைப்பாக வருகிறது. ஆனாலும் பாம்பு கடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் அழுவதில்லை, தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கடித்தது வேறு, செத்தது வேறு என்று மொழி நமக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறது. மின்சாரத்திலும் அந்தப் பிரிவு வேண்டும்.

இதை இலக்கண ஆசையால் கேட்கவில்லை. மின்சாரம் தாக்கி விழுந்தவர் பல நேரம் செத்தவர் போலவே இருப்பார். மூச்சு இருக்காது, நாடி அகப்படாது. மூச்சுத் தசைகள் மட்டும் உறைந்துபோய், இதயத்துக்கு இன்னும் உயிர் இருக்கலாம். அல்லது இதயம் நான் மேலே சொன்ன அந்தத் துடிதுடிப்பில் சிக்கியிருக்கலாம். இரண்டுமே திரும்பி வரக்கூடிய நிலைகள். மின்சாரத்தை அணைத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்தால், இதயத்தைச் சீராக்கும் கருவியும் சீக்கிரம் கிடைத்தால், ஆள் எழுந்து பேச வாய்ப்பு இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மின்னல் தாக்கிப் பல பேர் விழுந்து கிடக்கும் இடத்தில், மற்ற விபத்துகளில் செய்வதற்கு நேர்மாறாக, செத்தவர் போலக் கிடப்பவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. மூச்சு விடுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், இவருக்குத்தான் நம் கை வேண்டும். அந்த நிமிடத்தில் சுற்றி நிற்கிறவர்கள் வாயில் ‘மின்சாரம் தாக்கி’ என்றதும் தானாக ‘செத்துட்டார்’ என்று வந்தால், அவர்கள் கை எப்படி நெஞ்சுக்குப் போகும்? தினமும் காலையில் அந்த இரண்டையும் ஒட்டியே படித்துப் பழகிய வாய் அது.

கலைச்சொல் பட்டியல்களில் ‘மின்னதிர்ச்சி’ என்று ஒரு சொல் இருக்கிறது. பாடப்புத்தகத்திலும் படித்திருக்கிறோம். அதில் மரணம் இல்லை, அந்த வகையில் நல்லது. ஆனால் அதிர்ச்சிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். கெட்ட செய்தி கேட்டாலும் அதிர்ச்சி. தேர்வு முடிவு பார்த்தாலும் அதிர்ச்சி. இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகள் தவிக்கும் நிலைக்கும் மருத்துவத்தில் அதிர்ச்சி என்றே பெயர். மனநோய்க்கு மயக்க மருந்து கொடுத்து, கவனமாகச் செய்யும் ஒரு சிகிச்சைக்கும் மின்னதிர்ச்சி என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. ‘நோயாளி மின்னதிர்ச்சி பெற்றவர்’ என்று எழுதினால் விபத்தா, சிகிச்சையா என்று தெரியாது. அதைவிட, உள்ளே தசை வெந்துபோன ஒருவரை அதிர்ச்சி அடைந்தவர் என்று சொல்வது, ஏதோ பயந்துவிட்டார் என்ற மாதிரி ஒலிக்கிறது. எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். பிழைத்தவரைப் பற்றி எழுதும்போது நீங்கள் வழக்கமாக எழுதுவது ‘உயிர் தப்பினார்’. ‘அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார்’, ‘நூலிழையில் உயிர் தப்பினார்’. நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனால் தப்புவது என்றால் என்ன? எறிந்த கல் மேலே படாமல் விலகினால் தப்பினோம். மரம் விழுந்த இடத்தில் ஒரு நிமிடம் முன்னால் வரை நின்றிருந்தால் தப்பினோம். அறுந்து விழுந்த கம்பி நமக்கு இரண்டடி தள்ளி விழுந்தால், அதுதான் தப்பியது. எனக்கு அது பட்டது. ஒரு கையில் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, மறு கையில் வெளியேறியது. நான் எதிலிருந்தும் தப்பவில்லை.

தப்பினார் என்று எழுதியதும் கதை முடிந்துவிடுகிறது. படிப்பவர் நிம்மதியாக அடுத்த செய்திக்குப் போகிறார். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே நினைக்கிறார்கள்: ஒன்றும் ஆகவில்லை, தப்பிச்சாச்சு. ஆனால் மின்சாரக் காயத்தில் வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம். தோலில் நகம் அளவுக்குப் புள்ளி இருக்கும். அடியில் எலும்பை ஒட்டிய தசை வெந்திருக்கும். செத்த தசையிலிருந்து கரையும் புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது அதன் அடையாளம். தசை இழுத்த இழுப்பில் தோள்மூட்டு பின்பக்கமாக நழுவலாம். எக்ஸ்-ரேயில் அது சட்டென்று கண்ணில் படாது, அதனால் தவறவிடுவதும் உண்டு. தலை, கழுத்து வழியாக மின்சாரம் போனவர்களுக்குப் பல மாதம், சில சமயம் வருடங்கள் கழித்துக்கூடக் கண்புரை வரலாம். மரத்துப்போவது, எரிச்சல், தூக்கம் கெடுவது, ஞாபகம் பிசகுவது, சுவிட்சைத் தொடவே பயம் என்று எத்தனையோ பிறகு வரிசையாக வரும். உயிர் தப்பினார் என்று சொல்லி அனுப்பிய ஆள் ஆறு மாதம் கழித்து, கையில் பொருள் நிற்க மாட்டேன் என்கிறது என்று போய் நின்றால், அன்றைய மின்சாரத்தையும் இன்றைய கையையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இடது கையின் கடைசி இரண்டு விரல்களில் இன்னும் சூடு சரியாகத் தெரியாது. தேநீர் டம்ளரை வலது கையால்தான் எடுப்பேன்.

‘மீண்டார்’ என்பது அழகான சொல். ஆனால் அது பிற்பாடு வர வேண்டியது. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரை மீண்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோரும் மீள்வதும் இல்லை.

நம்மிடம் இருக்கும் சரியான சொல் ‘பிழைத்தார்’. சாவு கிட்டே வந்து தொட்டது, உயிர் நின்றது என்ற இரண்டையும் அந்த ஒரு சொல் சொல்கிறது. நலமாகிவிட்டார் என்று அது பொய் சொல்வதில்லை. பிழைப்பு என்று அதற்குள்ளேயே இன்னொரு பொருளும் இருக்கிறது. இனி இந்தக் கையோடு, இந்தத் தோளோடு நாளைக் கழிக்க வேண்டும் என்பதும் அதில் கேட்கிறது. ‘செத்துப் பிழைச்சேன்’ என்று சாதாரணமாகச் சொல்வோம் அல்லவா? இதயம் நின்று, யாரோ நெஞ்சை அழுத்தித் திரும்பக் கொண்டுவந்த ஒருவருக்கு அது உவமையே இல்லை, அட்சரம் பிசகாத உண்மை. நடந்ததை அப்படியே சொல்லும் தொடர் வீட்டுப் பேச்சிலேயே கிடக்கும்போது, ஆங்கிலத்தின் தண்டனைச் சொல்லை எதற்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

சொல்லை மாற்றினால் ஆகுமா என்று கேட்பீர்கள். நீரில் மூழ்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே தகராறு இருந்தது. அது செத்தவர்களுக்கு மட்டுமே என்றும், பிழைத்தவர்களை ‘கிட்டத்தட்ட மூழ்கியவர்’ என்று சொல்ல வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள். 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டில் வல்லுநர்கள் உட்கார்ந்து பேசி அதை மாற்றினார்கள். நீரில் அமிழ்ந்து மூச்சு பாதிக்கப்படுவதற்கே அந்தப் பெயர். அதன் முடிவு மரணமாக இருக்கலாம், பாதிப்போடு பிழைப்பதாக இருக்கலாம், பாதிப்பில்லாமல் பிழைப்பதாகவும் இருக்கலாம் என்று வகுத்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் அந்த வரையறையைத்தான் பயன்படுத்துகிறது. நடந்தது என்ன என்பதற்கு ஒரு சொல், என்ன ஆனது என்பதற்கு இன்னொன்று. மின்சாரத்துக்கு நான் கேட்பதும் இதே ஏற்பாடுதான்.

கலைச்சொல் தொகுப்பவர்களே, நிகழ்வுக்கு ‘மின்தாக்கு’ என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். பாம்புக்கடி மாதிரி முடிவைச் சொல்லாத பெயராக அது இருக்கும். ‘மின்தாக்கம்’ வேண்டாம், தாக்கம் இப்போது விளைவு என்ற பொருளுக்குப் போய்விட்டது. இறந்தால் ‘மின்தாக்கு மரணம்’. பிழைத்தால் ‘மின்தாக்குக் காயம்’. ‘எலக்ட்ரோக்யூஷன்’ என்ற பதிவுக்கு எதிரே ஒரே பொருளைப் போட்டு முடிக்காமல், ஆங்கிலத்திலேயே அது இரண்டு பொருளில் புழங்குகிறது என்று ஒரு வரி சேருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களே, அந்தச் சொல் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அடுத்த வரியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தன் கதையைத் தானே சொல்கிறவர் பேச்சில் வந்தால், அவர் இறக்கவில்லை.

செய்தி ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். ‘மின்சாரம் தாக்கி’ என்று எழுதியதும் கை தானாக அடுத்த சொல்லுக்குப் போகும் அல்லவா, அங்கே ஒரு கணம் நில்லுங்கள். இறந்திருந்தால் இறந்தார் என்று எழுதுங்கள். பிழைத்திருந்தால் தப்பினார் வேண்டாம். ‘மின்சாரம் தாக்கியவர் பிழைத்தார், இடது கையில் காயம், சிகிச்சை தொடர்கிறது’ என்று எழுதுங்கள். இடம் இருந்தால், யார் மெயினை அணைத்தார், யார் நெஞ்சை அழுத்தினார் என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த வரியைப் படித்த ஒருவர் நாளைக்கு எங்கோ அதேபோல ஓடிப்போய் மெயினை அணைக்கக்கூடும்.

அந்தப் படிவத்தில் எனக்காக ‘மற்றவை’யில் டிக் அடித்தவர், அதற்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கோட்டில் விவரம் எழுத வேண்டியிருந்தது. என்ன எழுதட்டும் என்று என்னிடமே கேட்டார். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘ஷாக்’ என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது கேட்டிருந்தால் ‘மின்சாரம் தாக்கிப் பிழைத்தவர்’ என்று சொல்லியிருப்பேன். அந்தக் கோட்டில் அது அடங்கும்.

அன்புடன்,
மின்சாரம் தாக்கிப் பிழைத்த ஒரு வாசகர்